யாம் கண்ட ருவாண்டா

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பிறநாட்டிற் செய்த தொண்டு" என்னும் பொருள் பற்றி இம்மேடையிற் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். யாம் செய்த தொண்டு மிகச் சிறிது. அதனைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அங்கு சென்றமையால் எமது எண்ணங்களில் நேர்ந்த மாற்றமே பெரிது. ஆதலால் அதைப் பற்றியே பேச இசைவு வேண்டுகின்றோம்.

2023 ஆம் ஆண்டு யூலை நடுப்பகுதியில் எமது பல்கலைக்கழக மாணவர் ஐவர், ஆபிரிக்காவின் நடுவேயுள்ள ருவாண்டா நாட்டுக்குச் சென்று, ஆறு வாரம் ஒரு கிராமப் பாடசாலையில் விடுமுறைக்கால வகுப்புகள் நடத்தி வந்தோம். ஐவர் சார்பிலும் பேசுவதால் "யாம்" என்றே பேசுகின்றோம். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

போகுமுன் ருவாண்டாவைப் பற்றி யாம் அறிந்திருந்தது என்ன? ஒரு திரைப்படம். அதில் ஒரு விடுதி. விடுதிக்கு வெளியே பிணங்கள். அவ்வளவே. "உலகத்தில் வேறு நாடு கிடைக்கவில்லையோ?" என்று வீட்டார் கேட்டனர். எம்முள் ஒருவரின் ஆச்சி பிள்ளையாருக்கு நேர்த்திக்கடன் வைத்தார். யாம் அவர்களைப் பார்த்து நகைத்தோம். ஆயினும் எம் உள்ளத்திலிருந்த படமும் அதே படந்தான். அப்படத்தைக் கண்டு அவர்கள் அஞ்சினார்கள், யாம் இரங்கினோம், வேறுபாடு அவ்வளவே. எமது இரக்கம் அவர்களது அச்சத்திலும் உயர்ந்ததென்று எண்ணிக்கொண்டோம். அவ்வெண்ணம் கிகாலி வானூர்தி நிலையத்திலேயே ஆட்டங்கண்டது.

வீடுவீடாகச் சென்று பழைய உடைகள் சேர்த்து, மூன்று பெட்டி நிறையக் கொண்டு போயிருந்தோம். ஒவ்வொரு கட்டும் பொலித்தீன் பையிற் சுற்றப்பட்டிருந்தது. சுங்க அலுவலர் ஒருவர் பெட்டிகளைத் திறந்து, பைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து ஒரு கூடையிற் போட்டார். கடுஞ்சொல் ஒன்றும் சொல்லவில்லை. "எங்கள் நாட்டில் 2008 ஆம் ஆண்டிலிருந்து இவற்றுக்கு இடமில்லை" என்றார். தெருவோரமெங்கும் பொலித்தீன் பறக்கும் ஊரிலிருந்து உதவி செய்யப் போனவர்கள், குப்பை கொண்டுவந்தவர்களாக வரிசையில் நின்றோம்.

அடுத்த நாள் அந்த உடைகளைப் பாடசாலைத் தலைமையாசிரியையிடம் கொடுத்தோம். அவர் முகம் மாறாமல் நன்றி கூறி, தேநீர் தந்தபின் மெல்லச் சொன்னார்: "பிள்ளைகளே, கணிதம் கற்பிக்க வந்தீர்கள், மகிழ்ச்சி. உடை எங்கள் தையற்காரர் தைப்பார்கள்." பின்னரே அதன் பொருள் எமக்கு விளங்கியது. உள்நாட்டு நெசவும் தையலும் பிழைக்கவேண்டுமென்று, 2016 ஆம் ஆண்டு ருவாண்டா பழைய உடை இறக்குமதிக்குரிய வரியைக் கிலோவுக்கு 20 அமெரிக்கச் சதத்திலிருந்து இரண்டரை டொலராக உயர்த்தியது. அதன் விளைவாக 2018 ஆம் ஆண்டு அமெரிக்கா, ருவாண்டாவின் ஆடைகளுக்கு அளித்திருந்த தீர்வைச் சலுகையை நிறுத்தியது. அவ்விழப்பைத் தாங்கிக்கொண்டும் அச்சிறிய நாடு தன் முடிவினின்று பின்வாங்கவில்லை. ஒரு நாடு தன்மானத்தோடு வேண்டாமென்று சொன்ன பொருளையே யாம் கொடையென்று சுமந்து போயிருந்தோம். அவர்களுக்கு எது வேண்டுமென்று புறப்படுமுன் ஒரு கடிதம் எழுதிக் கேட்க எம்மில் எவருக்கும் தோன்றவில்லை!

சபையோரே, அந்நாட்டைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பரப்பில் அது எமது இலங்கையின் ஐந்தில் இரண்டு பங்கே. 2022 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மக்கள் தொகை 1 கோடி 32 இலட்சம். ஆயிரம் மலைகளின் நாடு என்பர். மலைச்சரிவெங்கும் வாழை, அவரை, மரவள்ளி, வற்றாளை. உயர்ந்த பகுதிகளில் தேயிலை. நுவரெலியாவுக்குப் போகும் வழி இதுதானோவென்று மயங்கும்படி இருக்கும். யாம் தங்கியிருந்த புகெசேரா, தலைநகருக்குத் தெற்கே நியபரொங்கோ ஆற்றைக் கடந்தபின் வரும் தாழ்ந்த, வறண்ட நிலம். யூலையில் மழை இல்லை. செம்புழுதி எமது வன்னிப் புழுதியை நினைவூட்டியது. 2008 ஆம் ஆண்டில் அரசு பிரெஞ்சை விட்டு ஆங்கிலத்தைப் போதனாமொழியாக்க முடிவு செய்தது. அதனால் ஆங்கிலமும் கணிதமும் அறிந்தவர்க்கு அங்கே வேலை உண்டு.

முதல்நாள் வகுப்பில், எம்மிடம் எதையேனும் கேட்கலாமென்று மாணவர்க்குச் சொன்னோம். ஒரு சிறுவன் எழுந்து, "கடல் வந்து ஊர்களை அள்ளிக்கொண்டு போன நாடு உங்களுடையதுதானே? இப்போதும் தண்ணீர் நிற்கின்றதா?" என்றான். இன்னொருத்தி, "உங்கள் நாட்டில் சண்டை முடிந்ததா?" என்றாள். மூன்றாமவன் சிரித்துக்கொண்டு, "அரசரின் நீச்சல் தடாகத்தில் மக்கள் எல்லோரும் நீந்தியதைப் பார்த்தோம், நீங்களும் நீந்தினீர்களா?" என்றான். 2022 ஆம் ஆண்டு யூலை 9 ஆம் நாள் கொழும்பில் சனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தபோது எடுத்த படத்தை அவன் கண்டிருக்கின்றான்!

எமக்குச் சினம் வந்தது. "எங்கள் நாடு அதுமட்டுமன்று" என்று சொல்ல வாயெடுத்தோம். சொல் பாதியில் நின்றது. ஆழிப்பேரலையையும் போரையும் ஒரு நீச்சல் தடாகத்தையும் கொண்டு அச்சிறுவர் எம்மை அளந்தனர். ஒரு திரைப்படத்தைக் கொண்டு யாம் அவர்களை அளந்திருந்தோம். அவர்களுக்கேனும் வயது பதின்மூன்று.

யூலை மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. காலை எட்டு மணிக்குக் கடைகள் அடைத்திருந்தன, வீதியில் வண்டியில்லை. ஊர் முழுவதும் மண்வெட்டியுடன் இறங்கிப் பாடசாலைக்குப் போகும் பாதையோரம் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தது. இதற்கு "உமுகாண்டா" என்று பெயர். 1998 ஆம் ஆண்டில் இவ்வழக்கத்தை மீண்டும் தொடங்கினர். 18 முதல் 65 வயது வரையுள்ளோர் மாதந்தோறும் கடைசிச் சனிக்கிழமை, எட்டு மணி முதல் பதினொரு மணி வரை, பொதுவேலை செய்தல் வேண்டும். எமது மொழியிற் சொன்னால் சிரமதானம். தொண்டு கற்பிக்க வந்தோமென்று எண்ணிய எமக்கு முன்னே ஒரு நாடே தொண்டில் நின்றது.

யாமும் மண்வெட்டி பிடித்தோம். அரைமணியிற் கை கொப்பளித்தது. ஒரு முதியவர் எம் கையிலிருந்ததை வாங்கி, எங்கே பிடிக்க வேண்டும், எப்படி வீசவேண்டும் என்று காட்டினார். "உங்கள் நாட்டில் இப்படி உண்டா?" என்று கேட்டார். சிரமதானத்தைச் சொன்னோம். கோயில் வீதியிற் புல் செருக்குதற்கு உழவாரம் ஏந்தித் திரிந்த திருநாவுக்கரசு நாயனாரைப் பற்றியும் சொன்னோம். தலைமையாசிரியை மொழிபெயர்க்க, முதியவர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். "மண்வெட்டி வைத்திருந்த அடியாரா? அவர் எங்கள் மலைக்காரராகத்தான் இருக்கவேண்டும்" என்றார். சுற்றி நின்றோர் கொல்லென்று சிரித்தனர். வேலை முடிந்தபின் எல்லோரும் புல்லில் அமர்ந்து, மருத்துவக் காப்புறுதிப் பணம் கட்டாதோர் பற்றியும் பாடசாலைக் கூரை பற்றியும் பேசினர். அன்றுதான் யாம் விருந்தினர் என்ற நிலை நீங்கி அவ்வூரில் ஒரு வேலையாட்களாயினோம்.

பசுவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், கேட்டால் நீவிர் மகிழ்வீர். அந்நாட்டில் பசுவே செல்வம். எமது பழந்தமிழிலும் மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருள் உண்டன்றோ? "கிரிங்கா" என்றால் "உனக்குப் பசு உண்டாகுக" என்பது பொருள். அது அவர்களது வாழ்த்து. 2006 ஆம் ஆண்டிலிருந்து அப்பெயரில் ஓர் அரசுத் திட்டம் நடைபெறுகின்றது. வறிய குடும்பத்துக்கு ஒரு பசு தருவர். பெற்ற குடும்பம் அதன் முதற் பெண்கன்றை இன்னொரு வறிய குடும்பத்துக்குக் கொடுத்தல் வேண்டும். பாடசாலைக்கு அயலிலிருந்த ஒரு விதவைத் தாய் தம் கன்றைக் கயிற்றோடு அயல்வீட்டுக்காரர் கையிற் கொடுத்ததை யாம் கண்டோம். 1994 ஆம் ஆண்டில் அவ்விரு வீட்டாரும் எங்கே நின்றனர் என்று யாம் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. கொடுத்தவர் கை சற்று நடுங்கியது. வாங்கியவர் தலை குனிந்து வாங்கினார். அவ்வளவே யாம் அறிந்தது.

இனி அந்த 1994 ஆம் ஆண்டைப் பற்றிப் பேசாதிருத்தல் ஆகாது. ஆபிரிக்கக் குலங்களிடையே தொன்றுதொட்டு வந்த பகை வெடித்தது என்றே யாம் படித்திருந்தோம். அது பிழை. ஹூட்டு, துட்சி, துவா என்னும் மூவகையினரும் பேசும் மொழி ஒன்றே. வணங்கும் தெய்வமும் ஒன்றே. வாழும் மலையும் ஒன்றே. முன்பு மாடு பெருகினோர் துட்சியாதலும் உண்டு, இழந்தோர் ஹூட்டுவாதலும் உண்டு. அந்த நெகிழ்ந்த வரம்பை, 1930 களில் ஆண்ட பெல்சிய ஆட்சி அடையாள அட்டையில் எழுதி இறுக்கிவிட்டது. 1962 ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றபோதும் அட்டை போகவில்லை. 1994 ஆம் ஆண்டு ஏப்பிரில் 7 ஆம் நாள் தொடங்கி ஏறத்தாழ 100 நாளில், 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் துட்சிகள். கொலைக்கு உடன்படாத ஹூட்டுகளும் மாண்டனர். வீதித் தடைகளில் அந்த அட்டையே உயிரைத் தீர்மானித்தது. வானொலி ஒன்று பெயர்களை வாசித்தது. கொலைகாரர் தம் செயலை "வேலை" என்றே அழைத்தனர். அங்கிருந்த ஐக்கிய நாடுகள் படையைப் பெருக்குவதற்குப் பதிலாக, ஏறத்தாழ 2,500 பேரிலிருந்து 270 பேராகக் குறைக்க உலகம் தீர்மானித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைமையாசிரியை எம்மை நியமாட்டாத் தேவாலயத்துக்கு அழைத்துச் சென்றார். வாயில் வரை வந்தார், உள்ளே வரவில்லை. கோயிலில் அடைக்கலம் புகுந்தவரைக் கொல்லமாட்டார்கள் என்று நம்பி ஆயிரக்கணக்கானோர் அங்கே கூடியிருந்தனர். அவர்கள் அங்கேயே கொல்லப்பட்டனர். இன்று அது நினைவிடம். 2023 ஆம் ஆண்டு செத்தெம்பரில் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. தகரக் கூரையெங்கும் துளைகள், அவற்றினூடே ஒளிப்புள்ளிகள். வாங்குகளின் மேல், இறந்தோரின் உடைகள் குவித்து வைக்கப்பட்டிருக்கின்றன. குழந்தைகளின் உடைகளும் உள்ளன. யாம் மிசன் கல்லூரியிற் படித்தவர்கள். காலைதோறும் இப்படிப்பட்ட வாங்குகளில் அமர்ந்து செபம் கேட்டவர்கள். எம்மால் ஒரு சொல்லும் பேச இயலவில்லை. மூன்று பெட்டியிற் கட்டிக்கொண்டு போன பழைய உடைகள் நினைவுக்கு வந்தன. வெளியே வந்தபோது தலைமையாசிரியை எதுவும் கேட்கவில்லை. தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

தேவாலயத்தின் அருகே ஒரு கல்லறை உண்டு. அது அந்தோனியா லொக்கத்தெல்லி என்னும் இத்தாலியப் பெண்மணியுடையது. தொண்டுக்காக வந்து அவ்வூரில் நெடுங்காலம் வாழ்ந்தவர். 1992 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் புகெசேராவில் துட்சி மக்கள் கொல்லப்பட்டபோது, தொலைபேசி வழியாக வெளிநாட்டு வானொலிகளுக்கு உண்மையைச் சொன்னார். இது தானாக எழுந்த கலகமன்று, திட்டமிட்ட செயல் என்றார். அதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டாண்டு முன்னரே எழுந்த அக்குரலை உலகம் கேட்டிருந்தால்! சபையோரே, பிறநாட்டுத் தொண்டர் என்பார் யார் என்பதை யாம் அக்கல்லறையின் முன்பே கற்றோம். அவர் அம்மக்களுடன் வாழ்ந்தமையால் கண்டார். கண்டமையால் உண்மை சொன்னார். ஆறு வாரத்தவராகிய யாம் எம்மை அவரோடு ஒப்பிடத் துணியோம்.

ஆயின், இருண்ட படத்தைக் கிழித்துவிட்டு அழகிய படமொன்றைத் தொங்கவிடுதலும் பிழையாகும். தூய வீதிகளைக் கண்டு, எல்லாம் நன்றென்று சொல்லிவிடல் எளிது. உமுகாண்டாவுக்கு வராதோர் தண்டப்பணம் செலுத்த நேரும் என்பதால், அது முற்றும் மனமுவந்த தொண்டன்று. தேநீர்க்கடையில் அரசியற் பேச்சு எழுந்தாற் குரல்கள் தாழ்வதை யாம் கவனித்தோம். 2024 ஆம் ஆண்டுத் தேர்தலில் சனாதிபதி 99 வீதத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பெற்றார் என்ற செய்தியைப் படித்தபோது, தாழ்ந்த அக்குரல்களும் எம் நினைவுக்கு வந்தன. அயல்நாடான கொங்கோவின் போரில் ருவாண்டாவின் கை இருப்பதாக ஐக்கிய நாடுகளின் வல்லுநர் எழுதியுள்ளனர். இவற்றையும் சொல்லுதல் வேண்டும். நல்லதும் தீயதும் உடையவராய், எம்மைப்போல் சந்தைக்குப் போய், பிள்ளைகளைக் கடிந்து, கடன்பட்டு, சிரித்து வாழும் மனிதரையே யாம் அங்குக் கண்டோம்.

இவ்வனுபவம் எமது மண்ணுக்கும் புதிதன்று. எம்மைத் தேடியும் பிறநாட்டார் வந்தனர். 1847 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடு அமையாது, தமிழ் கற்றுத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் போதித்து, நூல்களும் ஆக்கினார். அவரை இன்றும் நன்றியோடு நினைக்கின்றோம். அதே காலத்தில், எம்மூரை இருளில் மூழ்கிய நாடென்று ஊருக்குக் கடிதம் எழுதி நன்கொடை திரட்டியவர்களும் இருந்தனர். அவர்களையும் எமது முன்னோர் அறிவர். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின் வந்தவர்களிலும் இருவகையினரைக் கண்டதாகப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஒருவர் எமது துயரத்தை மட்டும் படம் பிடித்தார். மற்றவர் எமது பெயரைக் கேட்டார். யாம் கிகாலியில் இறங்கியபோது எவ்வகையினராய் இறங்கினோம் என்பதைச் சொல்லிவிட்டோம்.

இனி, எமது நெஞ்சை உறுத்தும் ஒன்றைச் சொல்லி முடிக்கின்றோம். பெரியோர் சினவாதிருக்க வேண்டுகின்றோம்.

திரும்பும் நாளில் அந்த முதியவர் எம்மிடம் கேட்டார்: "உங்கள் ஊரிலும் எல்லோரும் ஒன்றாகத்தான் மண்வெட்டி பிடிப்பீர்களா?" "ஆம்" என்று சொன்னோம். வானூர்தியில் ஏறியபின் அச்சொல் எம்மைக் குத்தியது. திருவிழாவுக்கு முன் கோயில் வீதியைச் செருக்குகின்றோம், உண்மை. ஆனால் குளத்துக்கு அப்பால் உள்ள குடியிருப்பின் ஒழுங்கையில் மாரிகாலத்தில் முழங்காலளவு வெள்ளம் நிற்கின்றது. அங்கே இச்சங்கத்தின் மண்வெட்டி எத்தனை முறை போயிற்று? அவ்வீடுகளில் எத்தனையில் யாம் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கின்றோம்? அவர்களும் எமது மொழியே பேசுகின்றனர், எமது தெய்வத்தையே கும்பிடுகின்றனர். இன்னார் இன்னார் என்று எமக்கு எவரும் அட்டையில் எழுதித் தரவில்லை. அட்டையில்லாமலே மனப்பாடமாக வைத்திருக்கின்றோம். ருவாண்டாவில் அட்டை செய்ததைக் கண்டபின்பும் இதனைச் சிறு காரியமென்று எண்ண எம்மால் இயலவில்லை. கடல் கடந்து ஆபிரிக்காவுக்குப் போக எமக்கு நேரம் கிடைத்தது. குளக்கரையைக் கடக்க இருபது வருடமாக நேரம் கிடைக்கவில்லை.

ஆதலால் ஒரு விண்ணப்பம். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, சங்கத்து மண்வெட்டிகளுடன் அந்த ஒழுங்கைக்குப் போவோம். போகுமுன், எது வேண்டுமென்று அவ்வீட்டாரைக் கேட்போம். அவர்களோடு சேர்ந்து வெட்டுவோம். பதினொரு மணிக்கு அவர்கள் முற்றத்தில் அமர்ந்து, அவர்கள் தரும் தேநீரைக் குடிப்போம். உழவாரம் ஏந்திய பெருமானை வணங்கும் சங்கத்துக்கு இது புதிய வழியன்று. வரவிரும்பும் இளைஞர் கூட்டம் முடிந்ததும் எம்மிடம் பெயர் தருக. பெரியோருள் ஒருவரேனும் முன்னே நடப்பாராயின் எமக்கு வேறு பலம் வேண்டியதில்லை.